டிஃப் கவர் மாற்றலாமா: வார்ப்பிரும்பா, பிளேட்டா, அலுமினியமா?

ஜீப் ராங்லர் வாங்கி, 35 இன்ச் டயர் போட்டு, நாலைந்து முறை பாறை ஏறிவிட்டு வந்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: ஹெவி டியூட்டி டிஃப் கவர் (ஆக்ஸிலில் கியர்கள் சுற்றும் குமிழ்தான் டிஃப், அதாவது டிஃபரன்ஷியல்; அதன் மூடி) போடலாமா? கேட்கிறவர் ஏற்கெனவே படம் பார்த்து மயங்கியிருப்பார். சிவப்பு நிறம், குறுக்கே தடித்த வரிகள், வண்டி முன்னால் குனிந்து பார்த்தால் கம்பீரமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு மூடிக்கு 150, 200 டாலர் கொடுக்கும் முன் எந்த ஆக்ஸிலுக்கு, எந்த ரகம், மாட்டிய பிறகு உள்ளே எண்ணெய் எப்படி ஓடும் என்று கொஞ்சம் யோசித்துவிடுவது நல்லது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முன் ஆக்ஸிலுக்கு நாடுலர் (எளிதில் உடையாத ரக) வார்ப்பிரும்பு மூடி, பின் ஆக்ஸிலுக்கு இப்போதைக்கு எதுவும் வேண்டாம், பாறைக்குப் போகிறவர் அலுமினியத்தின் பக்கம் திரும்பவே வேண்டாம்.

இதில் பேசுவது ராங்லரின் மூன்று தலைமுறைகளைப் பற்றி. டிஜே (1997 முதல் 2006 வரை), ஜேகே (2007 முதல் 2018 வரை), அப்புறம் 2018 முதல் வரும் ஜேஎல். பழைய எக்ஸ்ஜே செரோக்கிக்கும் பெரும்பாலானது பொருந்தும். இந்தியாவில் 2021 முதல் மகாராஷ்டிராவின் ரஞ்சன்காவ் ஆலையில் பாகங்களைப் பூட்டி விற்கும் ராங்லரும் ஜேஎல் தான். டொயோட்டா, சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அந்த ஆக்ஸில்களில் கிரவுனும் (டிஃப்புக்குள் சுற்றும் பெரிய பல்சக்கரம்) பினியனும் (அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) மொத்தமாகப் பினியன் பக்கமாகக் கழன்று வரும், எதிர்ப்பக்கம் ஹவுசிங்கோடு (ஆக்ஸிலின் வெளிக்கூடு) பற்றவைத்த கிண்ணம். கழற்ற மூடியே இல்லை, மேலே ஒரு காப்பு மாட்டலாம் அல்லது தகடு பற்றவைக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் மூடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். முன் ஆக்ஸிலில் பினியன் பின்னோக்கி, இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து நிற்கிறது. அதனால் மூடி முன்னோக்கி நிற்கும். வண்டி முன்னே போகும்போது ஒரு பாறை டயருக்கு நடுவே நுழைந்தால், ஆக்ஸிலில் அதை முதலில் சந்திப்பது அந்த மூடியின் கீழ் உதடு. பின் ஆக்ஸிலில் இது தலைகீழ்: பினியன் முன்னே, மூடி பின்னே. முன்னே போகும்போது வரும் அடியை அங்கே வாங்குவது ஹவுசிங்கின் வார்ப்பிரும்பு வயிறு. பின் மூடிக்கு அடி விழுவது ஏறிய பாறையிலிருந்து வழுக்கிப் பின்னே இறங்கும்போதும், மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போதும்தான். அதுவும் நடக்கும், அமெரிக்காவின் மோவாபில் படிப்படியாக நிற்கும் பாறைகளில் மூன்றாவது முயற்சியும் பலிக்காமல் பின்வாங்குகிற வண்டிகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் முன்னதற்குப் பத்து அடி விழுந்தால் பின்னதற்கு ஒன்று விழுந்தாலே அதிகம். கையில் ஒரு மூடிக்குத்தான் பணம் என்றால் அது முன்னுக்கு. இரண்டு மூடியும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று கடைக்காரர் சொல்வார், சொல்லத்தான் செய்வார்.

இன்னொன்று, ராங்லரின் முன் டிஃப் நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. அமெரிக்க வண்டியில் அது ஓட்டுநர் பக்கம். பாறையைப் பார்த்து வண்டியைத் திருப்பும்போது, அது டிஃப்புக்கு வலப்பக்கமாக, ஆக்ஸில் டியூபுக்கு அடியில் போகும்படி கோட்டைத் தேர்ந்தெடுத்தாலே பாதி அடி மிச்சம். அங்கே டியூப் மட்டும்தான், நாலைந்து இன்ச் கூடுதல் இடம் கிடைக்கும். இதற்குக் காசு எதுவும் இல்லை.

ஸ்டாக் மூடி, அதாவது வண்டியோடு வந்த மூடி, எப்படிக் கெடுகிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். அது இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. நடுவில் குவிந்த வயிறு, சுற்றிலும் மெல்லிய விளிம்பு, விளிம்பில் பத்து போல்ட். நடு வயிற்றில் நேராக அடி பட்டால் தகடு உள்ளே குழிந்து கிரவுன் வீலைத் தொடும். ஓட்டும்போது அரைக்கிற சத்தம் கேட்கும், விடாமல் ஓட்டினால் கிரவுன் அந்த இடத்தைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். ஆனால் இதைவிட அதிகம் நடப்பது கீழ் உதட்டில்தான். பாறை விளிம்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே கொக்கி போட்டுத் தகட்டை உரித்துத் திறக்கும். அல்லது வெளியே துருத்தி நிற்கும் போல்ட் தலைகளை அரம் போட்டது போலச் சீவிவிடும், அடுத்த முறை எண்ணெய் மாற்ற ஸ்பேனர் வைத்தால் பிடிக்க மூலையே இருக்காது. உதடு உரிந்த இடத்திலிருந்து எண்ணெய் சொட்டும். வீட்டுக்கு வந்து காலையில் பார்க்கும்போதுதான் கராஜ் தரையில் கறை தெரியும், கூடவே கியர் ஆயிலின் அந்தக் கந்தக நாற்றம். எனவே நல்ல மூடி என்று ஒன்றைத் தேடும்போது நடு வயிறு எவ்வளவு தடிமன் என்பதை விட, கீழ் உதடு எப்படிச் சரிவாக இருக்கிறது, போல்ட் தலைகள் உள்ளடங்கி இருக்கின்றனவா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவித்துவிட வேண்டும். தடிமனான மூடி போட்டால் ஆக்ஸில் பலமாகிவிடும் என்று விளம்பரங்கள் சாடையாகச் சொல்லும். ராங்லரில் வரும் டேனா நிறுவன ஆக்ஸில்களான டேனா 30, டேனா 44ல் உடைகிறது எது? ஷாஃப்ட், யூ ஜாயின்ட், பால் ஜாயின்ட், வளைகிற டியூப், டியூபின் நுனியில் சக்கரத்தின் முட்டியைப் பிடிக்கும் சி வடிவத் துண்டு. இதில் ஒன்றுக்கும் மூடி உதவாது. டியூப் வளைகிறது என்றால் ட்ரஸ் என்ற தாங்கு சட்டம் பற்றவைக்க வேண்டும், சி வளைகிறது என்றால் கஸெட் என்ற முட்டுத் தகடு வைக்க வேண்டும். கிரவுனைத் தாங்கும் பேரிங்கின் கேப்பை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் போல்ட்டோடு வரும் கர்டில் வகை மூடிகள் உண்டுதான், ஆனால் அவை டிராக் ரேஸ் வண்டிக்கும் பெரிய குதிரைத்திறனுக்கும் பிறந்தவை, அந்த போல்ட்டை அளவு தவறி முறுக்கினால் கேப்பையே கோணலாக்கிவிடலாம். நடக்கிற வேகத்தில் பாறை ஏறுகிற ஜீப்புக்கு அது வேண்டியதில்லை. மூடி என்பது கவசம், அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி மூடி மாற்றினால் டிஃப் உயராது, வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டாலும் உயராது. டயர் விட்டம் இரண்டு இன்ச் கூடினால் டிஃப் ஒரு இன்ச் மேலே போகும், அது ஒன்றுதான் வழி. 33 இன்ச் டயரில் ஓட்டிக்கொண்டு மூடியில் அடி விழுகிறது என்று புலம்புகிறவர், அடுத்த டயர் மாற்றும்போது 35 போட்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

சரி, வழிகள் என்னென்ன? முதல் வழி எதையும் வாங்காமல் இருப்பது. கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு ஸ்டாக் மூடி (கழித்துக் கட்டும் யார்டில் கிடைத்தால் இன்னும் மலிவு), ஒரு ட்யூப் கருப்பு சிலிகான், இரண்டு மூன்று குவார்ட் கியர் ஆயில், இவற்றை ஒரு டப்பாவில் போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டால், காட்டில் உதடு உரிந்தாலும் அங்கேயே கழற்றி மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். மாற்று மூடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வளைந்த மூடியைக் கழற்றித் தட்டையான பாறையில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, சிலிகான் தாராளமாகப் பூசி மாட்டினால் வீடு வரை தாங்கும். தகட்டு மூடியில் உள்ள ஒரே பெரிய நல்ல குணம் அதுதான், நிமிர்த்த முடியும். மணலிலும் மண் பாதையிலும் மட்டுமே ஓட்டுகிறவர், கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் ஹில்ஸ் மாதிரி இடங்களில் சாதாரணத் தடங்களோடு நிறுத்திக்கொள்கிறவர், துபாய் பக்கம் மணல்மேட்டில் ஏறி இறங்குகிறவர், இவர்களுக்கெல்லாம் இந்த டப்பா போதும். ஆனால் அதே கலிஃபோர்னியாவின் ரூபிகான் டிரெயில் போல 22 மைலும் கருங்கல்லாகக் கிடக்கும் இடத்துக்குப் போகிறவருக்கு நடுவழியில் மூடி கழற்றுவது வெறும் சிரமம் மட்டும் இல்லை, எண்ணெய் ஓடைத் தண்ணீரில் போய்ச் சேரும். அங்கே போகிற ஒவ்வொரு வண்டியிலும் எண்ணெய் உறிஞ்சும் கிட் வைத்திருக்கச் சொல்வது சும்மா இல்லை.

இரண்டாவது வழி ஸ்டாக் மூடியை அப்படியே விட்டுவிட்டு, கீழ் போல்ட்களில் மாட்டும் ஸ்கிட் தகடு அல்லது கிளைட் பிளேட். ஜேகேக்கு ரான்ச்சோ போன்றவர்கள் செய்கிறார்கள். மூடியைத் திறக்க வேண்டியதில்லை, எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, அரைமணியில் வேலை முடிந்துவிடும், கீழ் உதட்டை நன்றாகவே காக்கும். எனக்கு இதில் பிடிக்காதது ஒன்று உண்டு. தகட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சேறும் ஜல்லியும் போய் அடைந்துகொள்ளும். கழுவினாலும் முழுசாகப் போகாது, காய்ந்ததும் வாஷ்போர்டு போல வரி வரியான சாலையில் கடகடவென்று ஒரு சத்தம், எங்கிருந்து வருகிறது என்று தேடியே பாதி நாள் போய்விடும். அப்புறம் தகட்டின் தடிமன் அளவுக்குத் தரையிலிருந்து உயரம் குறைகிறது. இருந்தாலும் குத்தகைக்கு எடுத்த வண்டி, வாரன்டிக்கு பயப்படுகிற வண்டி என்றால் இதுதான் நல்ல வழி.

மூன்றாவது, பிளேட்டை வெட்டி வளைத்துப் பற்றவைத்துச் செய்த மூடி. ரஃப் ஸ்டஃப், பார்ன்ஸ், ஆர்டெக் என்று இந்த வேலை செய்கிற பட்டறைகள் நிறைய. தடித்த விளிம்பு வளையம், மேலே துண்டு துண்டாக மடித்த தகடு, முகம் பெரும்பாலும் தட்டை. விலை வார்ப்பிரும்பை விடக் குறைவு, சிலது பற்றவைக்காத துண்டுகளாகவே இன்னும் மலிவாகக் கிடைக்கும், வெல்டிங் தெரிந்தவர் வீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அடி பட்டு வளைந்தால் மறுபடி பற்றவைக்கலாம், கூடுதலாக ஒரு பட்டை சேர்க்க வேண்டும் என்றாலும் சேர்க்கலாம். சிக்கல்கள் இரண்டு. பற்றவைக்கும் சூட்டில் விளிம்பு கோணினால் கேஸ்கெட் எதுவும் உட்காராது, சிலிகானைக் கொட்டித்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கும். வெல்டிங்கில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் கியர் ஆயில் அதைக் கண்டுபிடித்துக் கசிந்துவிடும். வாங்கினால் மாட்டும் முன் கண்ணாடி மேஜையில் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் துளை இருந்தால் வெளியே ஈரம் தெரிந்துவிடும். இரண்டாவது சிக்கல் அந்தத் தட்டை முகம், அதற்குத் தனியாக வருகிறேன்.

போல்ட் விஷயத்தில் ஒரு சின்ன எரிச்சல் இந்த வகையில் அதிகம். தலை துருத்தாமல் இருக்க ஆலன் போல்ட் கொடுப்பார்கள். பார்க்க அழகு. ஒரு சீசன் ஓட்டிய பிறகு அந்த அறுகோணக் குழிகள் எல்லாவற்றிலும் சேறு போய் இறுகிச் செங்கல்லாகியிருக்கும். கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் ஆணியால் தோண்டித் தோண்டி எடுத்து, சாவியைச் சுத்தியலால் தட்டி இறக்கினால்தான் போல்ட் திரும்பும். பாதி இறங்கிய சாவியை முறுக்கினீர்களோ, குழி வட்டமாகிவிடும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். மாட்டும்போதே குழியில் கொஞ்சம் கிரீஸ் அடைத்துவிட்டால் பிற்பாடு உங்களையே வாழ்த்திக்கொள்வீர்கள்.

நான்காவது, நாடுலர் வார்ப்பிரும்பு. ஏஆர்பி, ரிட்லர் செய்கிறார்கள், டேனா நிறுவனமே ஸ்பைசர் பெயரில் விற்கிறது. சாதாரண வார்ப்பிரும்பில் கார்பன் செதில் செதிலாக இருக்கும், அடி பட்டால் அந்தச் செதில் ஓரமாகவே விரிசல் ஓடி உடையும். நாடுலரில் அது சின்னச் சின்ன உருண்டைகளாக இருப்பதால் உடையும் முன் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதனால் விற்பனைக் குறிப்பில் வெறும் வார்ப்பிரும்பு என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கும் முன் கேளுங்கள், நாடுலர் அல்லது டக்டைல் என்று எழுதியிருக்க வேண்டும். ஹவுசிங்கில் உட்காரும் முகம் மெஷினில் சீவியது என்பதால் தட்டையாக இருக்கும், கேஸ்கெட் போட்டாலும் கசியாது. போல்ட்கள் வார்ப்பிலேயே உள்ள குழிகளுக்குள் இறங்கி உட்காரும். வெளிப்பக்கம் மூலைகள் இல்லாமல் வழவழப்பாகச் சரிந்து இருப்பதால் பாறையில் முட்டி நிற்காமல் ஏறி வழுக்கிப் போகிறது, பிளேட் மூடியின் மடிப்பு மூலைகள் சில சமயம் பாறையில் கொக்கி போடும் இடத்தில் இது நழுவிவிடும். என் வாக்கு இதற்குப் போவதற்குப் பெரிய காரணம் இந்த வழுக்கல்தான், பலம் இரண்டாவது.

குறை இல்லாமல் இல்லை. கனம். ஸ்டாக் மூடியை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் போல்ட் போடலாம், இதை மல்லாந்து படுத்துக்கொண்டு, பூசிய சிலிகான் கலையாமல், துளைகளை ஒப்பவைத்துப் பிடிப்பதற்குள் தோள் இறங்கிவிடும். மேலே இரண்டு துளையில் தலையில்லாத நீள ஸ்டட் இரண்டை முதலில் திருகி வைத்து அதில் மூடியைத் தொங்கவிட்டால் வேலை சுலபம். அந்தக் குழிகளுக்குள் சில சமயம் தடித்த சாக்கெட் நுழையாது, மெல்லிய சுவர் சாக்கெட் ஒன்று வாங்கி வையுங்கள். பெயின்ட் முதல் பயணத்திலேயே உரியும், துருவும் ஏறும், அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பாறைக்குப் போகாமல் இருப்பது மேல்.

ஐந்தாவது அலுமினியம். மேக்ஹைடெக் மாதிரி, துடுப்பு துடுப்பாக வரி வைத்து, கூடுதல் எண்ணெய் பிடிக்கிற மாதிரி, டிப்ஸ்டிக்கோடு வருகிறவை. டிரெய்லர் இழுக்கும் டிரக்குகளுக்கு இவை நல்ல பொருள், எண்ணெய் அதிகம், சூடு மெதுவாக ஏறும், டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பார்ப்பது சுகம். ஆனால் பாறையில் அலுமினியம் வழுக்காது, பிராண்டி எடுக்கும், வரிகள் முனை முனையாக உடையும், நேரான பலத்த அடியில் விரிசல் விடும். விரிந்தால் தட்டி நிமிர்த்த முடியாது, காட்டில் பற்றவைக்கவும் வழி இல்லை. ராங்லரின் முன் ஆக்ஸிலில் இதைப் பார்க்கும்போது வண்டிக்காரர் எங்கேயும் போகிறதில்லை போலிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

இப்போது எண்ணெய். மூடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் யோசிக்காத விஷயம் இதுதான், நான் முக்கியமாக நினைப்பதும் இதுதான். டிஃப்புக்குள் எண்ணெய் பம்ப் எதுவும் கிடையாது. கிரவுன் வீல் கீழே எண்ணெயில் முங்கிச் சுற்றும்போது பல்லோடு எண்ணெயை அள்ளிக்கொண்டு மேலே போய் வீசும், அந்த எண்ணெய்தான் பினியன் பேரிங் வரை போய்ச் சேர வேண்டும். ஸ்டாக் மூடியின் உருண்டை வயிறு கிரவுன் வீலின் வளைவை ஒட்டியே போகிறது, எண்ணெயை வழி காட்டி மேலே கொண்டுபோய் முன்னால் தள்ளுகிறது. தட்டை முகம் உள்ள மூடியில் கிரவுன் வீசும் எண்ணெய் அந்தச் சுவரில் மோதித் தெறித்துத் திரும்பி விழுகிறது. டீசல் டிரக் பாகங்களுக்குப் பேர்போன கேல் பேங்க்ஸ் இதை வைத்து வீடியோ தொடரே போட்டார், உள்ளே எண்ணெய் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கிற மாதிரி. தட்டை மூடிகளில் எண்ணெய் காற்றோடு கலந்து நுரைக்கிறது, சூடு கூடுகிறது என்பது அவர் வாதம். அவரும் மூடி விற்கிறவர்தான், அதையும் மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விஷயம் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது, ஆக்ஸில் தயாரிக்கிறவர்கள் மூடியை உருண்டையாகச் செய்வது தகடு மிச்சம் பிடிக்க மட்டும் இருக்க முடியாது.

இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது பாறையில் ஓட்டுவதை வைத்து இல்லை, பாறைக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதை வைத்து. மெதுவாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியரில் நடக்கிற வேகத்தில் டிஃப் சூடாகவே ஆகாது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறவர் தட்டை மூடி போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 37 இன்ச் டயருக்காக டிஃப் கியர் விகிதத்தை 5.13க்கு மாற்றிவிட்டு, நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் ஐந்தாறு மணி நேரம் ஓட்டிப் போய், ஏறி, மறுபடி அப்படியே ஓட்டித் திரும்புகிறவருக்கு, அதுவும் கோடையில், பின் ஆக்ஸிலில் இது முக்கியம். முன் ஆக்ஸில் சாலையில் சுமை இழுப்பதில்லை, சும்மா சுற்றுகிறது. அதனால் முன்னுக்குத் தட்டை பிளேட் மூடி கூடப் பரவாயில்லை, பின்னுக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் உட்பக்கம் உருண்டையாக இருப்பதைத்தான் போட வேண்டும். கடையில் எல்லாரும் வெளிப்பக்கப் படத்தைத்தான் காட்டுவார்கள். உட்பக்கப் படம் கேளுங்கள்.

அளவுத் துளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் துளைதான் அளவுகோலும், துளை வரை நிரம்பினால் போதும் என்பது கணக்கு. சில மூடிகளில் இந்தத் துளை ஸ்டாக்கை விட மேலே இருக்கும், அது வரை ஊற்றினால் அதிகமாகி நுரைக்கும், சீல் வழியே சக்கரப் பக்கம் கசியும். அதே சமயம் லிஃப்ட் போட்டுப் பினியனை மேலே திருப்பிய ஆக்ஸிலில் மூடிப் பக்கம் கீழே சாய்ந்துவிடுவதால் ஸ்டாக் துளை வரை ஊற்றினால் பினியன் பேரிங்குக்கு எண்ணெய் குறையும், அங்கே உயர்ந்த துளை நல்லதாகிவிடுகிறது. வண்டியில் எது இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். புது மூடி கசிகிறது என்று மறுபடி மறுபடி சிலிகான் பூசுகிறவர்கள் ஒரு தடவை டிஃப் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் ஊதிப் பாருங்கள். அது சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் எங்காவது வழி தேடும், பழி மூடிக்கு வரும்.

பழைய எக்ஸ்ஜே, டிஜே வண்டிகளின் டேனா 30ல் அடியில் வடிகால் போல்ட் கிடையாது, எண்ணெய் மாற்ற வேண்டும் என்றாலே மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வடிகாலோடு வரும் மூடி அங்கே பெரிய உதவி, ஓடையில் இறங்கி எண்ணெய் மோர் நிறத்துக்கு மாறிவிட்டால் கால் மணியில் மாற்றிவிடலாம்.

முன் மூடிக்கு இன்னொரு சோதனை கட்டாயம், இடம் இருக்கிறதா என்பது. முன் ஆக்ஸிலுக்கு எதிரே ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பாரும் ஸ்டியரிங்கின் டை ராடும் குறுக்கே போகின்றன. தடித்த மூடி ஒரு இன்ச் முன்னே துருத்தினால், லிஃப்ட் குறைவான வண்டியில் சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது ட்ராக் பார் அதில் இடிக்கலாம். நிறுத்தி வைத்த வண்டியில் விரல் வைத்து அளந்து, இடம் இருக்கிறது என்று நினைப்பது போதாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்ஸிலை சஸ்பென்ஷனின் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப் தொடும் வரை தூக்கி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவு வேலைக்கு மனமில்லை என்றால் மூடியின் முகப்பில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவிட்டு, ஒரு பள்ளமான தடத்தில் மெதுவாக ஏறி இறங்கிவிட்டு வந்து பாருங்கள், நசுங்கியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. வாங்கும் முன் கேட்க வேண்டிய இன்னொன்று: டேனா 44 என்ற ஒரே பெயரை வைத்து வாங்காதீர்கள். ஜேகேயின் டேனா 44 வேறு, ஜேஎல்லில் வருவது வேறு. ஜேஎல்லின் ரூபிகான் மாடலில் முன்னே எம்210, பின்னே எம்220, சாதாரண ஜேஎல்லில் முன்னே எம்186, பின்னே எம்200, எண்கள் கிரவுன் வீலின் மில்லிமீட்டர் அளவு. ஒன்றின் மூடி மற்றதில் உட்காராது.

மாட்டும் வேலை பற்றிச் சுருக்கமாக. மேல் இரண்டு போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு மற்றதை எடுங்கள், இல்லையென்றால் மூடி எண்ணெயோடு முகத்தில் விழும். உள்ளே காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம்தான், நகக்கண் அளவு உலோகச் சில்லு கிடைத்தால் மூடியை மறந்துவிட்டு கியரைப் பாருங்கள். பழைய சிலிகானைச் சுரண்டும்போது உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள். சிலிகான் என்றால் ஒவ்வொரு போல்ட் துளையையும் சுற்றி இடைவிடாத கோடாக இட்டு ஐந்து நிமிடத்துக்குள் மூடியை வைத்துவிட வேண்டும், எண்ணெய் ஊற்றும் முன் ட்யூபில் சொன்ன நேரம் காயவிட வேண்டும். அடிக்கடி திறக்கிறவர் லூப்லாக்கர் கேஸ்கெட் போடலாம், திரும்பத் திரும்பப் பயன்படும், ஆனால் முகம் தட்டையாக இருந்தால் மட்டும். ஸ்டாக் மூடிக்கு டிஜே, ஜேகேயில் முறுக்கு 30 அடி பவுண்ட், அதாவது 41 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக மாற்றி மாற்றி. புது மூடியோடு நீள போல்ட் வந்தால் அதன் தாளில் உள்ள அளவு. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக் லாக் வகை டிஃப் என்றால் கூடவே ஊற்றும் உராய்வுத் திரவத்தை மறக்க வேண்டாம், இல்லையென்றால் திருப்பத்தில் முனகும்.

ஆக, ஜேகே அல்லது ஜேஎல், 35 இன்ச், வருடத்தில் சில முறை உண்மையான பாறை என்றால் முன்னுக்கு நாடுலர், பின்னுக்கு ஸ்டாக்கும் அந்த டப்பாவும். வெல்டிங் தெரிந்தவர், மாதம் தவறாமல் அடிபடுகிறவர், வண்டியை டிரெய்லரில் கொண்டுபோகிறவர், அவருக்கு பிளேட் மூடிதான் சரி, இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளட்டும். சாலையில் டிரெய்லர் இழுப்பதே வேலை என்றால் அலுமினியத்தைப் பின்னுக்கு யோசிக்கலாம்.

டிஜேயில் பின்னால் டேனா 35 இருந்தால் அதற்கு எந்த மூடியும் வாங்காதீர்கள். அந்த ஆக்ஸிலில் மூடிக்கு முன் ஷாஃப்ட் போய்விடும், போனால் சக்கரமும் சேர்ந்து வெளியே வரும். 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்ஸில், 31 ஸ்ப்ளைன் (நுனியில் 31 பல்) ஷாஃப்டும் டிஸ்க் பிரேக்கும் சேர்ந்து யார்டில் கிடைக்கிறது. மூடிக்கு வைத்த 200 டாலரை அதற்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள்.